சிவப்புக் கோடு போட்ட வரிகள்

திருவனந்தபுரம்
14 ஜூன் 2024, வெள்ளி

அன்புள்ள அண்ணனுக்கு,

தங்கச்சி பிரேமா எழுதுவது. இங்கே நான், அவுக, அத்தை, மாளு நாலு பேரும் சுகம். உன் சுகத்துக்கும் அம்மா சுகத்துக்கும் ஒளிக்காமல் எழுது.

மாத்திரைப் பொட்டலத்தைக் கண்டக்டர் சத்தியதாஸ் அண்ணன் கையில் கொடுத்துவிட்டேன். தம்பானூர் ஸ்டாண்டில் பஸ் எடுக்கப் பத்து நிமிஷம் இருக்கும்போது ஓடிப்போய்க் கொடுத்தேன். "என் பஸ்ல டிக்கெட் எடுக்காம மலை ஏறுறது உன் லெட்டர் ஒண்ணுதான் மோளே" என்று சிரித்தார்.

போனை வைத்த பிறகும் அதுக்குள்ளே ஆள் பேசுது என்று நீ சொன்ன நாளிலிருந்து நமக்கு இந்தக் கடிதம்தான். மலை வளைவுகளில் பஸ்ஸில் நீ படும் பாடு தெரிந்து உன் மனநல டாக்டரும் இரண்டு வருஷமாக உன்னை நேரில் கூப்பிடவில்லை. உன் கடிதத்தை நான் மலையாளத்தில் சொல்ல, அதைக் கேட்டுத்தான் மருந்து எழுதுகிறார். அதனால் மனசில் வருவதை அப்படியே எழுது.

மாளு மூன்று நாளாக வலது காதைப் பிடித்து இழுத்துக்கொண்டே இருந்தாள். பதினாலு மாசப் பிள்ளை, வாய் திறந்து சொல்லுமா? நேற்றே பிள்ளைகள் டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓடினேன். லைட் அடித்துப் பார்த்து, பல் முளைக்குது, போ என்றார். "அந்த டாக்டர் வீட்டுலயே ஒரு பாயை விரிச்சுப் படுத்துக்கோ" என்று மங்கலம் அத்தை கிண்டல் பண்ணுகிறார்கள்.

மழை விட்டதும் மாளுவைக் கூட்டிக்கொண்டு வருகிறேன்.

உன் தங்கச்சி,
பிரேமா


போனக்காடு
21 ஜூன்

அன்புத் தங்கச்சி பிரேமாவுக்கு,

அண்ணன் கனி எழுதுவது. அம்மா சுகம். தினமும் தேயிலை வேலைக்குப் போகிறாள், அட்டைக்கடியோடு வருகிறாள். என் சுகத்துக்கு எழுதச் சொல்லிக் கேட்டிருந்தாய். அதனால் எழுதுகிறேன்.

தாகம் தீரவில்லை. ஒரு குடத்தில் பாதி நானே குடிக்கிறேன். குடித்த தண்ணீரை எவனோ உள்ளே இருந்துகொண்டு இழுக்கிறான். ராத்திரியில் நாலு தடவை வெளியே போகவேண்டியிருக்கிறது. வெளியே காட்டுப்போத்து மேய்ந்துகொண்டு நிற்கும், பேசாமல் படு என்று அம்மா ஏசுகிறாள். படுத்தால் நிற்குமா?

சட்டையில் நடுப் பொத்தான் பூட்ட வரவில்லை. மாப்பிள்ளையின் பழைய சட்டை இருந்தால் கொடுத்துவிடு.

மாளு படுக்கும்போது அழுகிறாளா, தூக்கி நிமிர்த்தினால் அழுகிறாளா என்று பார். படுத்தால் அழுகை கூடினால் அது பல் இல்லை, காது. நீ சின்னதில் அப்படித்தான் அழுதாய்.

வெள்ளிக்கிழமை தோறும் பஸ் ஸ்டாப்புக்குப் போகிறேன். பொட்டலம் வாங்கத்தான்.

அண்ணன்,
பிச்சைக்கனி


திருவனந்தபுரம்
19 ஜூலை

அன்புள்ள அண்ணனுக்கு,

இங்கே எல்லோரும் சுகம். அங்கேயும் அப்படியே இருக்கவேண்டும் என்று நினைத்துக்கொண்டு எழுதுகிறேன். பதில் ஒரு மாசம் பிந்திவிட்டது, கோபிக்காதே. பேனாவை எடுத்தால் மாளு அதைப் பிடுங்கி வாயில் வைக்கிறாள்.

நீ சொன்னதுதான் சரி. படுத்தால்தான் அழுதாள். திரும்பக் கொண்டுபோனேன், காதுக்குள் சீழ். சொட்டு மருந்து விட்டு இப்போது தேவலை. உனக்கு எப்படித் தெரிந்தது என்று எனக்கு ஆச்சரியம்.

உன் டாக்டரிடம் உன் கடிதத்தைச் சொன்னேன். உள்ளே இருந்து எவனோ தண்ணீரை இழுக்கிறான் என்று எழுதியிருந்தாயே, அதைக் கேட்டதும் இரவு மாத்திரையை ஒன்றிலிருந்து ஒன்றரையாக்கிவிட்டார். பயப்படாதே. அப்படியெல்லாம் யாரும் உள்ளே இல்லை. பொத்தான் பூட்டாதது நல்ல சேதிதானே? எலும்பும் தோலுமாக இருந்த ஆள், இப்போதாவது தேறியிருக்கிறாய். அவுக சட்டை இரண்டு வைத்திருக்கிறேன்.

பொன்முடிப் பக்கம் மண் சரிந்ததாக டிவியில் காட்டினார்கள். இந்த மாசம் வர வழியில்லை.

தங்கச்சி,
பிரேமா


போனக்காடு
26 ஜூலை

அன்புத் தங்கச்சிக்கு,

அம்மா சுகம். மாளுவின் காது ஆறியது சந்தோஷம். சொட்டு மருந்தைச் சொன்ன நாள் வரை விடு, பாதியில் நிறுத்தாதே.

ஒன்றரை மாத்திரை சாப்பிடுகிறேன். பகலிலும் தூக்கம் வருகிறது. பசி அதிகம். தண்ணீர் முன்போலத்தான்.

இன்னொன்று. ஒளிக்கவேண்டாம் என்றாய். நான் மூத்திரம் பெய்கிற இடத்துக்கு எறும்பு வருகிறது. அம்மா போகிற இடத்துக்கு வருவதில்லை. பக்கத்து லயத்து வீட்டு ஆஷாவின் அப்பா போகிற இடத்துக்கும் வருவதில்லை. தினமும் போய்ப் பார்த்தேன். வேலிப் பக்கம் இடத்தை மாற்றினேன். மறுநாள் அங்கேயும் வந்துவிட்டது. என்னை மட்டும் தேடி வருகிறது. அம்மா சாம்பலை அள்ளிப் போட்டாள். சாம்பலைச் சுற்றிக்கொண்டு வருகிறது.

டாக்டரிடம் எறும்பைச் சொல்.

சட்டை இரண்டும் பத்தவில்லை.

அண்ணன்,
கனி


திருவனந்தபுரம்
30 ஆகஸ்ட்

அன்புள்ள அண்ணனுக்கு,

நாங்கள் சுகம். உன் சுகம் எப்படி?

டாக்டரிடம் எறும்பைச் சொன்னேன். எல்லாம் சரியாகும் என்றார். இந்த மாசத்திலிருந்து இரவு மாத்திரை இரண்டு. பொட்டலத்தின் மேலேயே எழுதியிருக்கிறேன், அம்மாவிடமும் சொல்லிவிடு.

அண்ணா, எறும்பு உன்னைத் தேடி வரவில்லை. மழைக்காலத்தில் எல்லா வீட்டிலும் எறும்புதான். என் அடுக்களையில் வந்து பார், ஹார்லிக்ஸ் பாட்டிலை மூட முடியவில்லை. அதை நினைக்காதே. தினமும் போய்ப் பார்க்காதே. பார்க்கப் பார்க்கத்தான் மனசு அதையே சுற்றும்.

மாளுவுக்கு ஒரு வயிற்றுப்போக்கு வந்து போனது. மூன்று நாள் என் உயிர் என்னிடம் இல்லை. எத்தனை தடவை, என்ன நிறம் என்று நோட்டில் எழுதிவைத்து டாக்டரிடம் காட்டினேன். அவர் நோட்டைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். இப்போது ஓடி விளையாடுகிறாள். போட்டோ ஒன்று வைத்திருக்கிறேன்.

ஓணம் லீவுக்கு மூன்று பேரும் வருகிறோம். கண்டிப்பாக.

தங்கச்சி,
பிரேமா


போனக்காடு
6 செப்டம்பர்

அன்புத் தங்கச்சிக்கு,

அம்மா சுகம். மாளு போட்டோவைக் கண்ணாடிக்குப் பக்கத்தில் ஒட்டியிருக்கிறேன். நெற்றி அப்பாவுடையது.

நீ எறும்பை நினைக்காதே என்றாய். நான் நினைக்கவில்லை. அது வருகிறது.

இப்போது கால். இடது கால் என்னுடையது இல்லை. பஞ்சுமேல் நடக்கிற மாதிரி இருக்கிறது. போன வெள்ளிக்கிழமை பஸ் ஸ்டாப்பிலிருந்து வரும்போது செருப்பு எங்கேயோ கழன்று போயிருக்கிறது. லயத்து வாசலில் அம்மா, "ஒத்தச் செருப்போட எங்கலே வாரே?" என்று கேட்டபிறகுதான் குனிந்து பார்த்தேன். உள்ளங்காலில் முள் ஏறியிருந்தது. அம்மா பிடுங்கினாள். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. வேறு யார் காலிலோ பிடுங்கின மாதிரி பார்த்துக்கொண்டிருந்தேன்.

திருவோணத்துக்கு வரும்போது மாளுவுக்குக் கம்பளிச் சட்டை எடுத்துக்கொள். இங்கே சாயந்திரம் ஆனால் குளிர். அம்மா பரணைத் துடைத்து என் பாயை அங்கே போட்டுவிட்டாள், கட்டில் உங்களுக்கு.

அண்ணன்,
கனி


திருவனந்தபுரம்
11 அக்டோபர்

அன்புள்ள அண்ணனுக்கு,

நாங்கள் சுகமே. நீயும் அம்மாவும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

ஓணத்துக்கு வரமுடியவில்லை. முதல் நாள் மாளுவுக்கு உடம்பு சுட்டது. தொண்ணூற்றொன்பது புள்ளி எட்டு. மலையில் வைத்துக் கூடிவிட்டால் என்ன பண்ணுவது என்று பயந்துவிட்டேன். அம்மா எங்களுக்காகச் சமைத்துக் காத்திருந்ததாகச் சத்தியதாஸ் அண்ணன் சொன்னார். நீ கடைசி பஸ் வரைக்கும் ஸ்டாப்பில் நின்றாயாம். மன்னித்துக்கொள்.

மாத்திரை அதே இரண்டுதான். கால் உன்னுடையதுதான், அண்ணா. வேறு யாருடையதும் இல்லை. அப்படி வரும்போது காலைத் தொட்டு, இது என் கால், இது என் கால் என்று நீயே சொல்லிக்கொள்.

சாலை பஜாரில் புதுச் செருப்பு வாங்கி அனுப்பியிருக்கிறேன். உனக்கு எட்டாம் நம்பர்தானே? பின்னால் வார் உள்ளது. இனிமேல் கழன்று போகாது.

தங்கச்சி,
பிரேமா


போனக்காடு
18 அக்டோபர்

அன்புத் தங்கச்சிக்கு,

அம்மா சுகம். நானும் சுகம்.

செருப்பு வந்தது. போட்டிருக்கிறேன். வார் இறுக்கமாகப் பிடிக்கிறது. கழலவில்லை.

நீ சொன்ன மாதிரி காலைத் தொட்டுச் சொல்லிக்கொள்கிறேன்.

டாக்டரிடம் சொல்ல ஒன்றும் இல்லை. மாளுவின் காய்ச்சல் விட்டதா?

அண்ணன்,
கனி


போனக்காடு
1 நவம்பர்

பிரேமா அக்காவுக்கு,

பக்கத்து லயம் ஆஷா எழுதுகிறேன். உங்கள் அம்மா ஆவுடைத்தாய் அத்தை சொல்லச் சொல்ல எழுதுவது. கனி அண்ணனுக்கு நாலு நாளாகக் காய்ச்சல், நேற்றிலிருந்து பேச்சு குழறுகிறது. சத்தியதாஸ் மாமன் இந்த பஸ்ஸிலேயே அத்தையையும் அண்ணனையும் கூட்டிக்கொண்டு இறங்குகிறார். கீழே டவர் கிடைத்ததும் உங்களுக்கு போன் பண்ணுவார். ஆஸ்பத்திரியில் கேட்டால் அத்தைக்கு மலையாளத்தில் சரியாகச் சொல்ல வராது. அதனால் இதை அண்ணன் சட்டைப் பையில் வைக்கிறோம்.

இடது காலில் செருப்பு வார் உரசின இடம் புண்ணாகிக் கறுத்துப் போய்விட்டது. அண்ணன் யாரிடமும் சொல்லவில்லை. செருப்பைக் கழற்றவே இல்லை. படுக்கும்போதும் போட்டிருந்தார். பிரேமா வாங்கித் தந்தது, கழலக்கூடாது என்றார். வாடை வந்தபிறகுதான் அத்தை கழற்றிப் பார்த்தார்கள்.

எறும்பு வருகிறதையும் எழுது என்று அண்ணன் சொல்கிறார். அக்கா நினைக்கவேண்டாம் என்று சொன்னீர்களாம். ஆனாலும் எழுதச் சொல்கிறார்.

ஆஷா


திருவனந்தபுரம்
13 டிசம்பர்

அண்ணா,

நீ மலைக்குத் திரும்பி இரண்டு வாரம் ஆகிறது. ஆஸ்பத்திரியில் இருபத்தெட்டு நாள் உன் பக்கத்தில்தான் இருந்தேன். சொல்லவேண்டியதை ஒரு நாளும் சொல்லவில்லை. எதிரே உட்கார்ந்து சொல்ல வரவில்லை. எழுதுகிறேன்.

அன்றைக்குக் கேஷுவாலிட்டியில் ஆஷாவின் கடிதத்தை நான்தான் வாசித்தேன். காய்ச்சலைச் சொன்னேன், புண்ணைச் சொன்னேன். எறும்பு வந்ததும் நிறுத்திவிட்டேன். "பாக்கி என்ன?" என்று நர்ஸ் பிஜி கேட்டாள். "அது அண்ணனோட மனசு சுகக்கேடு, வேற விஷயம்" என்றேன். "எந்து விஷயம்?" என்றாள். சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. அடுத்த நிமிஷம் உன் விரலைக் குத்தி மெஷினில் வைத்தாள். மெஷினில் நம்பர் வரவில்லை. நம்பர் காட்டமுடியாத அளவுக்குச் சர்க்கரை. "சேச்சி, மூத்திரத்துக்கு எறும்பு வந்நால் ஷுகர்தானே, இது அறியில்லே?" என்றாள்.

எனக்கு அறியும், அண்ணா. நான் பி.எஸ்சி. ஜுவாலஜி. வேறு யாராவது எழுதியிருந்தால் ஒரே வரியில் கண்டுபிடித்திருப்பேன். நீ எழுதியதால் தெரியவில்லை.

உன் கடிதம் வந்ததும் நான் என்ன செய்வேன் தெரியுமா? சிவப்புப் பேனாவை எடுத்து, உன் நோய் பேசுகிற வரிகளுக்கு அடியில் கோடு போடுவேன். டாக்டரிடம் அதை மட்டும் சொல்வேன். நாலு தடவை வெளியே போவதற்குக் கோடு போடவில்லை, சொல்லவும் இல்லை. பொத்தானையும் சொல்லவில்லை. எவனோ தண்ணீரை இழுக்கிறான், எறும்பு என்னைத் தேடி வருகிறது, இவைதான் சிவப்பு. கால் என்னுடையது இல்லை என்றதற்கு இரண்டு கோடு போட்டேன். அதைக் கேட்டால் அட்மிட் பண்ணச் சொல்வாரோ என்று பயந்து, அந்த மாசம் அதைச் சொல்லாமலே வந்துவிட்டேன். அட்மிட் ஆகியிருந்தால் யாராவது உன் செருப்பைக் கழற்றிப் பார்த்திருப்பார்கள்.

மாத்திரையைக் கூட்டியது டாக்டர்தான். ஆனால் அவர் கேட்டது உன்னை இல்லை, என் மலையாளத்தை. அந்த மாத்திரை உடம்பைப் பெருக்க வைக்கும், சர்க்கரையை ஏற்றும், மாசக்கணக்கில் சாப்பிடுகிறவர்களுக்கு ரத்தம் பார்த்துக்கொண்டே இருக்கவேண்டும் என்று வார்டில்தான் சொன்னார்கள். அவர் எனக்குச் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. மாளுவுக்கு ஒரு சளி சிரப் வாங்கினாலே டப்பாவுக்குள் மடித்து வைத்திருக்கிற பொடி எழுத்துக் காகிதத்தை முழுக்கப் படிக்கிறவள் நான். உன் பொட்டலத்தில் இருந்ததை ஒரு தடவைகூடப் பிரித்ததில்லை.

முந்தாநாள் அந்தக் கடிதங்களை வரிசையாக வைத்துப் படித்தேன். நான் கோடு போட்ட ஒவ்வொரு வரியிலும் நீ உடம்பைத்தான் சொல்லியிருக்கிறாய். சுகத்துக்கு எழுது என்று வாய்வழக்கமாக நான் கேட்டதற்கு நீ உண்மையாகப் பதில் எழுதினாய். அக்டோபரில் ஒரே ஒரு தடவை நானும் சுகம் என்று எழுதினாய். அந்தக் கடிதத்தில் ஒரு கோடுகூட இல்லை. எனக்கு அன்றைக்கு எவ்வளவு நிம்மதி தெரியுமா?

செருப்பைப் பற்றி எழுத முடியவில்லை. முட்டிக்குக் கீழே எடுக்கவேண்டும் என்று டாக்டர் சொன்னபோது நான் அவரிடம் கேட்ட முதல் கேள்வி, நம்பர் பெரிதாக இருந்திருந்தால் தப்பித்திருக்குமா என்றுதான். அவருக்கு ஒன்றும் புரியவில்லை.

மழை, மண்சரிவு, காய்ச்சல் எல்லாம் நான் எழுதிய காரணம். மங்கலம் அத்தையிடம் என் அண்ணன் எஸ்டேட் ஆபீஸில் கிளார்க் என்று சொல்லிவைத்திருந்தேன். அதைவிடப் பெரியது, மாளு. அவள் தனியாகச் சிரித்தால் பயப்படுவேன். யாரும் இல்லாத மூலையைப் பார்த்தால் பயப்படுவேன். உன் பக்கத்தில் அவளை உட்காரவைத்தால் இரண்டு முகத்திலும் ஒரே ஜாடை தெரிந்துவிடுமோ என்றுதான் நான் வரவில்லை.

அத்தை வார்டுக்குக் கஞ்சி கொண்டுவந்த அன்று நீ தூங்கிக்கொண்டிருந்தாய். உன்னைப் பார்த்தார்கள், காலைப் பார்த்தார்கள். "கிளார்க்குன்னு சொன்னியேடி" என்று மட்டும் கேட்டார்கள். அப்புறம் உன் போர்வையை இழுத்துவிட்டுப் போனார்கள்.

நீ ஏசி ஒரு கடிதம் எழுது.

பிரேமா


போனக்காடு
27 டிசம்பர்

அன்புத் தங்கச்சி பிரேமாவுக்கு,

அம்மா சுகம். ஊசி போட ஆஷா கற்றுக்கொண்டாள். தாகம் குறைந்துவிட்டது. எறும்பும் நின்றுவிட்டது. பத்து நாளாக ஒன்றுகூட வரவில்லை, ஆஷாவின் அப்பாவை அனுப்பிப் பார்க்கச் சொன்னேன்.

உன் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். ஏச வரவில்லை. கோடு போடுகிறாய் என்று எனக்கு முன்பே தெரியும். என்னுடைய பழைய கடிதம் ஒன்றையே பொட்டலத்துக்குச் சுற்றி அனுப்பியிருந்தாய், அதில் சிவப்பு இருந்தது. அதனால்தான் அக்டோபரில் சுகம் என்று எழுதினேன். கோடு போடாத மாதிரி ஒரு கடிதம் எழுதிப் பார்க்கலாம் என்று தோன்றியது.

மாளுவைப் பற்றிப் பயப்படாதே. பிள்ளைகள் எல்லோரும் மூலையைப் பார்த்துச் சிரிக்கும். நீயும் சிரித்தாய்.

ஒன்று இருக்கிறது. எழுதலாமா என்று மூன்று நாள் யோசித்தேன். கால் இருந்தபோது வலிக்கவில்லை. இப்போது இல்லாத கால் வலிக்கிறது. பெருவிரலை யாரோ முறுக்குகிற மாதிரி இருக்கிறது. குனிந்து பார்த்தால் பாய்தான் இருக்கிறது. இதைச் சொன்னால் மாத்திரையைக் கூட்டிவிடுவார்கள். அம்மாவிடம்கூடச் சொல்லவில்லை. உன்னிடம்தான் சொல்கிறேன்.

கோடு போடாதே.

அண்ணன்,
கனி


திருவனந்தபுரம்
3 ஜனவரி 2025

அண்ணா,

எப்போது வலிக்கிறது? காலையிலா, சாயந்திரமா? பெருவிரல் மட்டுமா, குதிகாலுமா? முறுக்குகிற மாதிரியா, சுடுகிற மாதிரியா? எவ்வளவு நேரம் நிற்கிறது? குளிர் கூடினால் கூடுகிறதா? வெட்டின இடத்தைத் தடவினால் குறைகிறதா? தூங்க முடிகிறதா?

உன் பேரைச் சொல்லவில்லை. பிஜிக்கு போன் பண்ணி, கால் எடுத்த ஆளுக்கு இல்லாத கால் வலிக்குமா என்று பொதுவாகக் கேட்டேன். "பின்னே, எத்தனையோ பேருக்கு உண்டு சேச்சி, அது சத்தியமான வேதனைதான்" என்றாள். அதுக்கென்று தனி மருந்து உண்டாம். டாக்டரிடம் நீயே உன் வாயால் சொல். நான் பக்கத்தில் இருந்து மலையாளத்தில் சொல்கிறேன், ஒரு வார்த்தை விடாமல். ஜீப் ஏற்பாடு பண்ணியிருக்கிறேன், வளைவில் மெதுவாக இறங்கலாம்.

சிவப்புப் பேனாவை மாளு எடுத்துக்கொண்டாள். சுவரெல்லாம் கோடு.

மேலே கேட்டதுக்கெல்லாம் எழுத்தில் பதில் வேண்டாம். பத்தாம் தேதி வெள்ளிக்கிழமை பஸ்ஸில் நானும் மாளுவும் வருகிறோம். அவளுக்கு இன்றைக்கு மூக்கு ஒழுகுகிறது. அதோடேயே வருகிறோம். அத்தை உனக்குச் சர்க்கரை போடாத அவல் கட்டித் தருகிறார்கள்.

நீ ஸ்டாப்புக்கு வந்து நிற்கவேண்டாம். லயத்திலேயே இரு. நாங்கள் நடந்து வருகிறோம்.

பிரேமா